பரணுக்கு இரண்டு வன்வட்டுகள்

என் மனைவி மறைந்த பதினோராம் மாதத்தில், அவளுடைய அறையிலிருந்த சேமிப்புப் பெட்டி ஒலியெழுப்பத் தொடங்கிற்று. மூன்று குறுகிய ஒலிகள், சிறிது அமைதி, மீண்டும் மூன்று. முதலில் அது அண்டை வீட்டாரின் ஊர்தியிலிருந்து வருவதாக எண்ணிக்கொண்டேன். எண்ணிக்கொண்டேன் என்பதுகூட மிகை. ஒலி கேட்டது, கேட்டுக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

அப்பெட்டியை வாங்கியவளும் அமைத்தவளும் அவளே. பிரெஞ்சு வழிப் பள்ளியொன்றில் கணக்குக் கற்பித்து ஓய்வு பெற்றவள். பணி முடிந்த பின் வீட்டுத் தாள்களையெல்லாம் வருடியில் இட்டுப் படமாக்கலானாள்: தந்தையின் படைப்பணிச் சான்றுகள், குடியுரிமைத் தாள்கள், மூன்று தலைமுறைப் பிறப்புப் பதிவுகள். அவற்றை வைப்பதற்காகக் காலணிப் பெட்டியினும் சற்றே பெரிய அந்தக் கறுப்புப் பெட்டி வந்தது. அதன் முகப்பில் நான்கு இழுப்பறைகள். இரண்டில் வன்வட்டுகளைப் பொருத்தினாள். ஒன்றில் எழுதப்படுவது மற்றதிலும் அவ்வாறே எழுதப்படும், ஒன்று கெட்டாலும் மற்றது காக்கும் என்று விளக்கினாள். எஞ்சிய இரண்டு அறைகளும் வெற்றாக இருந்தன. "பின்னாடி தேவப்படும்" என்று சொல்லி மூடிவைத்தாள்.

அதற்கு அவள் இட்ட பெயர் குருனியே. கூரையடியில் பழம்பொருள்களைப் போட்டுவைக்கும் இடத்துக்குப் பிரெஞ்சு மொழியில் வழங்கும் சொல். முதன்முறை கேட்டபோது அரிசிக் குருணையைச் சொல்கிறாள் என்றே நினைத்தேன். பரண் என்னும் சொல் தமிழில் இருக்க, இஃது எதற்கு என்றேன்.

"உங்களுக்குப் பரணு, எனக்குக் குருனியே. எப்படிக் கூப்ட்டா என்ன, அது எழுந்து வரவா போவுது?" என்றாள். ஆயினும் பெட்டி தன் பெயரைக் கேட்டபோது 'பரண்' என்றே பதிந்தாள். அதன் திரையில் தோன்றும் கட்டளைகளையும் தமிழுக்கு மாற்றினாள். எனக்காகத்தான். அம்மென்பொருளைத் தமிழாக்கிய தன்னார்வக் குழுவில் நானும் ஒருவனாயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை முற்பகல்களில் ஒரு நூலகத்தின் பின்னறையில் கூடிச் சொற்களை ஆக்குவோம். என் சொற்கள் ஒரு பெட்டிக்குள் புகுந்து என் வீட்டுக்கே வந்தது எனக்குப் பெருமையாகவே இருந்தது.

பின்னொரு நாள் வாயிற்கதவிலிருந்த பித்தளை அஞ்சற்பெட்டியை எவரோ கழற்றிச் சென்றனர். அதன்பின் வாயிலை நோக்கி ஒரு கண்காணிப்புக் கருவியைப் பொருத்தி, அதன் காட்சிகளும் பரணில் சேருமாறு அமைத்தாள். அப்போது நான் அடுத்த அறையில் அச்சுப்படி திருத்திக்கொண்டிருந்தேன்.

"மீவரைவுன்னு ஒண்ணு கேக்குது. ஆமா போடவா, வேணாவா?" என்று குரல் கொடுத்தாள்.

சொல்லின் நடுவே வரும் ளகர ஒற்று அவள் நாவில் எப்போதும் தேய்ந்துவிடும். கேள்வி என்பது கேவியாகவும் தோள்பை என்பது தோபையாகவும் வரும். முப்பத்தெட்டு ஆண்டுகள் திருத்தியிருக்கிறேன். அன்றும் தாளிலிருந்து தலை நிமிராமல் திருத்தினேன்.

"மீள்வரைவு. ளகரத்தை விழுங்காதே. மீள ஒருமுறை எழுதிவைத்தல் என்பது பொருள். நல்லதுதான், ஆம் என்று இடு."

"மீல்வரைவு. சரிங்க தமிழய்யா, ஆமான்னு போட்டுட்டேன்."

"லகரம் அன்று."

"ஆமான்னு போட்டாச்சு, வுடுங்க."

அவ்வளவே அன்றைய உரையாடல்.

பெட்டியின் ஒலியை முதலில் பொருட்படுத்தியவர் என் மைத்துனர். அவளுக்கு இளையவர். பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியத்துடன் திரும்பியவர். இவ்வூரில் அவரைப் போன்றோரைச் சொல்தா என்பர். பிள்ளைச்சாவடியில் வீடு. அவள் மறைந்தது முதல் நாள்தோறும் காலையில் தம் வண்டியில் வந்து, நீள ரொட்டி ஒன்றை எனக்குக் கொடுத்துவிட்டுக் காப்பி அருந்திச் செல்வார். அவ்வழக்கத்தை நான் கேட்டுக்கொள்ளவுமில்லை, மறுக்கவுமில்லை.

"மாமா, இது எத்தினி நாளா கத்துது?"

"இரண்டு நாள் இருக்கும்."

"ஒரு வாரம் இருக்கும். பக்கத்து வூட்டம்மா கேட்ல நிறுத்திக் கேக்குது, உள்ள ஏதாவது வெடிக்கப் போவுதான்னு."

அவள் மேசையில் ஒட்டிவைத்திருந்த கடவுச்சொல்லைப் பார்த்துப் பெட்டியின் திரையைத் திறந்தார். பரண் நிரம்பிவிட்டது என்று அறிவித்திருந்தது. நிரப்பியவன் நானே. அகராதி ஒன்றுக்கென நாற்பது ஆண்டுகளாக எழுதிய சொற்சீட்டுகள் என்னிடம் இருந்தன. அவள் போன பின், அவளுடைய வருடியில் அவற்றை ஒவ்வொன்றாக இட்டுப் படமாக்கிக்கொண்டிருந்தேன். சீட்டை வைப்பேன், கண்ணாடியின் கீழ் ஒளி நகரும், எடுப்பேன், அடுத்ததை வைப்பேன். காலை முதல் மாலைவரை அதைச் செய்ய இயன்றது. வேறெதுவும் செய்ய இயலவில்லை. எந்தச் சொல்லையும் நான் படிக்கவுமில்லை.

மைத்துனர் வாயிற்காட்சிகளின் பட்டியலைத் திறந்தார். அதன் அடியிலிருந்த மிகப் பழைய நாளைத் தொட்டார். பிறகு, "அக்கா" என்றார்.

நான் சன்னலின் பக்கம் திரும்பிக்கொண்டேன். கருவி ஓராண்டுக் காட்சிகளை வைத்திருந்தது என்பதோ, அவற்றுள் அவள் இருப்பாள் என்பதோ எனக்குத் தோன்றியதே இல்லை. அவளுக்குப் படம் எடுத்துக்கொள்வது பிடிக்காது. வீட்டிலுள்ள ஒளிப்படங்களிலெல்லாம் உதட்டை இறுக்கி, எப்போது முடியும் என்று காத்து நிற்பாள். அவள் நடக்கும் காட்சி வேறெங்கும் இல்லை.

"துணிப்பைய எடுத்துக்கினு ரொட்டி வாங்கப் போவுது. பாக்கறீங்களா?"

"பிறகு."

மறுநாள் அவர் வந்து திறந்தபோது அந்த நாள் இல்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. பட்டியல் மூன்றாம் நாளில் தொடங்கிற்று.

இடம் போதாதபோது பழைய காட்சிகள் போய்விடுகின்றன என்று நாங்கள் அப்படித்தான் அறிந்தோம். முந்தைய நாள் மட்டும் இருநூறு சீட்டுகளைப் படமாக்கியிருந்தேன்.

"உங்க சீட்டுங்க ஏற ஏற, அக்கா எறங்குது மாமா."

சீட்டுகளை அன்றே நிறுத்தினேன். ஆயினும் வாயிற்கருவி ஓய்வதில்லை. அது ஒரு புதிய நாளைக் கொண்டுவருகையில் ஒரு பழைய நாளை வெளியேற்றிற்று. மைத்துனர் விரல்விட்டு எண்ணினார். அவள் கடைசியாக வீட்டை விட்டு மருத்துவமனைக்குச் சென்ற நாள்வரை பத்தொன்பது நாள்கள் எஞ்சியிருந்தன. அதற்குப் பிந்தைய காட்சிகளில் அவள் இல்லை. அவற்றில் நாங்கள் இருவரும் வந்து போய்க்கொண்டிருந்தோம்.

"ஆர்டு டிஸ்க் ரெண்டு வாங்கி அந்தக் காலி ரூம்ல போட்டுட்டா எடம் வந்துடும். இன்னிக்கே போலாமா?"

"நாளை பார்க்கலாம்" என்றேன்.

ஏன் அவ்வாறு சொன்னேன் என்று பின்னர் பலமுறை வினவிக்கொண்டேன். எனக்கு அது வருத்தம் தரவில்லை என்பதுதான் உண்மை. குளிர்ந்த நீரில் நெடுநேரம் வைத்திருந்த கையைப் போல் நான் இருந்தேன். கிள்ளினால் கிள்ளுகிறார்கள் என்பது தெரியும், வலிக்காது.

மைத்துனர் அதன்பின் வற்புறுத்தவில்லை. ஆனால் ஒவ்வொரு காலையும் ரொட்டியை மேசைமேல் வைக்கும்போது எண்ணையும் சொல்லி வைத்தார். "பதினெட்டு." காப்பி. மறுநாள், "பதினேழு." வணக்கத்துக்குப் பதிலாக எண். பதினான்கு அன்று மழை. பன்னிரண்டு அன்று அவருக்குக் காய்ச்சல். தொலைபேசியில் எண்ணை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். பத்து என்ற நாளில் காப்பியைத் தொடாமல் நின்றார்.

"ஒரு வார்த்த சொல்லுங்க மாமா. டிஸ்க் வாங்கப் போறமா, இல்ல அக்காவ இன்னொரு தடவ வழியனுப்பி வைக்கப் போறமா?"

எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டேன்.

கணிப்பொறிப் பொருள் விற்கும் அந்தக் கடை ஒரு முகமதியக் குடும்பத்துடையது. இப்போதுள்ளவரின் பாட்டனார் கைக்கடிகாரமும், தந்தையார் வானொலியும் பழுது பார்த்தவர்கள். பாய் என்றே ஊரில் அழைப்பர், ஐம்பதைக் கடந்தவர்.

"வன்வட்டு இரண்டு வேண்டும்" என்றேன்.

"தரேங்கய்யா. நீங்க வந்து கேட்டாத்தான் நம்ம கடையே ஒரு கடை மாதிரித் தெரியுது."

"ஆர்டு டிஸ்க் பாய்" என்று மைத்துனர் குறுக்கிட்டார்.

"புரியுது சொல்தா. நானும் தமிழ்ல பாஸானவன்தான். நீங்கதான் கணக்குல பாஸாகாம பட்டாளத்துக்குப் போனீங்க, அக்காவே சொல்லியிருக்காங்க."

சொல்லிவிட்டுப் பாய் வாயை மூடிக்கொண்டார். மைத்துனர் சிரித்தார். நானும் சிரிக்க வேண்டிய இடம் அது என்பது விளங்கிற்று. உதடுகளைச் சற்று நகர்த்தினேன்.

பெட்டியில் உள்ளவற்றின் கொள்ளளவே புதியவற்றுக்கும் இருக்க வேண்டும் என்றார் பாய். அது அவரிடம் இல்லை; சென்னையிலிருந்து வர நான்கு நாள் ஆகும். நான்கு நாள்களில் எண் ஆறு ஆயிற்று. வாயிற்கருவியின் இணைப்பைப் பிடுங்கியிருந்தாலே போதுமே என்று இதைப் படிப்பவர் எண்ணக்கூடும். எங்களுக்குத் தோன்றவில்லை. மைத்துனர் அதை இடப் பற்றாக்குறை என்னும் நோயாகவும் வட்டை அதற்குரிய மருந்தாகவும் கண்டார். நான் எதையும் எதுவாகவும் காணவில்லை.

வட்டுகள் வந்த அன்று முற்பகலில் பொருத்தினோம். இங்குள்ள கடற்காற்று எதையும் விட்டுவைப்பதில்லை. வெற்று இழுப்பறைகளின் திருகுகள் துருப்பிடித்து நகர மறுத்தன. மைத்துனர் தேங்காயெண்ணெய் ஒரு துளி விட்டு, கால் மணி நேரம் காத்திருந்து, மெல்லத் திருகினார். மூன்றாம் அறை திறந்தது. அதற்குள் அவள் கையெழுத்தில் ஒரு சிறு தாள் இருந்தது. மூன்று, நான்கு என்னும் அறைகளுக்கு எந்த அளவு வட்டு வாங்க வேண்டும் என்பதைக் குறித்துவைத்திருந்தாள். பாய் கொடுத்திருந்தது அதே அளவு. மைத்துனர் அத்தாளை என்னிடம் நீட்டினார். வாங்கி, மடித்து, எங்கு வைப்பது என்று தெரியாமல் சட்டைப்பையில் இட்டேன்.

வட்டுகளைத் தட்டுகளில் பொருத்தி உள்ளே தள்ளினார். பெட்டி சற்று உறுமிற்று. இரண்டு பச்சை விளக்குகள் நான்காயின.

"வுவாலா, ஆயிடுச்சு" என்றார்.

பரணை விரிவாக்கவா என்று திரை வினவிற்று. ஆம் என்றோம். முடிந்த பணியின் விழுக்காடு தோன்றிச் சுழியத்தில் நின்றது. உள்ளதையெல்லாம் நான்கு வட்டுகளிலும் பிரித்துத் திரும்ப எழுதிய பின்னரே புதிய இடம் கிடைக்கும், இரண்டு மூன்று நாள் பிடிக்கும் என்று பாய் முன்னரே சொல்லியிருந்தார். அதன் பொருளை நாங்கள் முற்றும் உணரவில்லை. வட்டு உள்ளே போனதும் இழப்பு நின்றுவிடும் என்றே நம்பினோம்.

மறுநாள் காலை மைத்துனர் நேரே அறைக்குள் சென்றார். நெடுநேரம் கழித்து, "அஞ்சு" என்று அங்கிருந்தே சொன்னார்.

அதற்கு மறுநாள் நான்கு. ரொட்டியை அவர் மேசைமேல் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

மூன்று என்ற நாளில் விழுக்காடு எழுபத்தொன்று. அவர் இன்னும் வரவில்லை. நானே திறந்து பார்த்தேன். பாயைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"வேல முடியாம எடம் கூடாதுங்கய்யா. அதுவரைக்கும் அழிச்சிக்கினுதான் இருக்கும். நீங்க ஒண்ணு பண்ணுங்க, கேமரா செட்டிங்க்ல ஓவர்ரைட்டுன்னு இருக்கும், அத ஆஃப் பண்ணிடுங்க. அவ்ளோதான், ஒரு நாளும் போவாது."

திரையில் தேடினேன். "அப்படி ஒன்றும் இங்கு இல்லையே."

"இருக்கும்யா. என்னா போட்டிருக்குது, படிங்க பாப்போம்."

"பதிவு நேரம். படத்தெளிவு. மீள்வரைவு. அது மீளப் படியெடுத்து வைப்பது, பாதுகாப்புக்கானது. அதைத் தொடக்கூடாது."

"தமிழ்லயா வெச்சிருக்கீங்க? இங்கிலீஷுக்கு மாத்திப் பாருங்கய்யா, ஒரு நிமிஷம்."

மாற்றினேன். எழுத்துகள் ஒரு கணம் மறைந்து வேறு எழுத்துகளாயின. மூன்றாம் வரியில் ஓவர்ரைட் என்னும் ஆங்கிலச் சொல் நின்றது. அதற்கு எதிரே ஆம் என்னும் குறி.

தமிழுக்குத் திரும்ப மாற்றினேன். கண்ணாடியைத் துடைத்து அணிந்து, மூன்றாம் வரியை எழுத்தெழுத்தாகப் படித்தேன். மீவரைவு. அங்கு ளகரம் இல்லை. என்றும் இருந்ததில்லை.

அச்சொல்லை ஆக்கியவன் நான். மீ என்றால் மேல். இருப்பதன் மேல் எழுதி அதை இல்லாமற் செய்வது மீவரைவு. அதே நாளில் அதற்கு இணையாக மீள்வரைவு என்பதையும் ஆக்கியிருந்தேன். அது திரும்ப எழுதிவைப்பது. ஒரே ஒற்றில் இரண்டு பொருளையும் வேறுபடுத்திவிட்டதாக அந்த நூலகத்தின் பின்னறையில் நண்பர்கள் பாராட்டினர். பின்னர் இரண்டையும் மறந்துபோனேன். அவள் கேட்டபோது திரையிலிருந்ததை அவள் பிழையறப் படித்திருக்கிறாள். நான்தான் அவளிடம் இல்லாத ஓர் எழுத்தைச் சேர்த்து, பொருளைத் தலைகீழாக்கி, ஆம் என்று இடச் சொன்னேன். சற்றுமுன் பாயிடம் நானே படித்துச் சொன்னபோதும் அவ்வெழுத்தைச் சேர்த்தே படித்தேன்.

"கெடச்சிதாங்கய்யா?" என்று தொலைபேசியில் பாய் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கிடைத்தது."

"ஆஃப் பண்ணிட்டீங்களா?"

குறியை எடுத்தேன். உறுதியா என்று கேட்டது. ஆம் என்றேன். "முன்பு போனவை திரும்புமா?" என்று பாயை வினவினேன்.

"இல்லீங்கய்யா. அதும் மேலயே வேற எழுதிடுச்சு இல்ல" என்றார். சற்றுத் தயங்கி, "அதான் அந்தப் பேரு" என்றார்.

மறுநாள் மைத்துனர் வந்து திறந்தார். "மூணு" என்றார். திரும்ப எண்ணினார். "மூணுதான் மாமா!" என்று கூவிக்கொண்டு வந்தார். என்ன நேர்ந்தது என்பதை அவரிடம் சொன்னேன். ஒற்றெழுத்தையும் சொன்னேன். கேட்டுவிட்டு ரொட்டியை இரண்டாகப் பிய்த்து ஒரு பாதியை என்னிடம் கொடுத்தார்.

"அக்காவுக்குத் தெரிஞ்சா ஆறு மாசம் சொல்லிக் காட்டும்" என்றார்.

"ஓராண்டு."

"ஆமா. எனக்கும் ஃபோன் பண்ணிச் சொல்லும்."

அன்று பிற்பகல் விழுக்காடு நூறாயிற்று. பெட்டி ஒலிப்பதை நிறுத்தியது. பரணில் இப்போது இன்னும் ஓரிரு ஆண்டுகளின் வாயிலை வைக்க இடமுண்டு. சீட்டுகளையும் வைக்கலாம். நான்கு விளக்குகளும் பச்சையாக எரிகின்றன.

எஞ்சிய மூன்று நாள்களையும் பார்த்துவிட்டேன். முதல் நாளில் அவள் இல்லை. உடல்நலமின்றிப் படுத்திருந்த நாள். தெரு நாயொன்று வாயிலை முகர்ந்து செல்கிறது. இரண்டாம் நாளில் மருந்துப் பொதியை வாங்கக் கதவருகே வருகிறாள். கை மட்டும் தெரிகிறது. மூன்றாம் நாளில் தம்பியின் வண்டி நிற்கிறது. அவள் வெளியே வந்து கதவைச் சாத்துகிறாள். தாழை இழுத்துப் பார்க்கிறாள். நான்கு அடி வைத்துத் திரும்பி வந்து மீண்டும் இழுத்துப் பார்க்கிறாள். நான் வண்டிக்குள் இருக்கிறேன். என் முழங்கை மட்டும் சட்டகத்தின் ஓரத்தில் தெரிகிறது. அவள் என்னை நோக்கி ஏதோ சொல்கிறாள். கருவியில் ஒலிப்பதிவு கிடையாது. என்ன சொன்னாள் என்பது எனக்கு நினைவில்லை. அன்றும் திருத்தியிருப்பேனோ என்னவோ. பார்த்து முடித்தபோது எதுவும் தோன்றவில்லை. மீண்டும் முதலிலிருந்து பார்த்தேன்.

தமிழாக்கக் குழுவுக்கு ஒரு மடல் எழுதினேன். மீவரைவு என்பதை நீக்கி, 'பழையதை அழித்துவிடு' என்று எவர்க்கும் விளங்குமாறு இடும்படி கேட்டிருந்தேன். காரணம் வினவினர். பயனர் ஒருவர்க்குத் தவறான விளக்கம் தரப்பட்டது என்று மட்டும் விடையளித்தேன். இவ்வளவு அழகிய சொல்லை ஆக்கியவரே நீக்கச் சொல்வது வியப்பாக இருக்கிறது, அடுத்த பதிப்பில் மாற்றுகிறோம் என்றனர்.

எனவே என் பெட்டியில் இன்னும் பழைய சொல்லே இருக்கிறது. நேற்றுக் காலை அறையில் அமர்ந்து அவ்வரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே இல்லை என்னும் குறி. "மீவரைவு" என்று வாய்விட்டுச் சொன்னேன், அவள் சொன்னபடியே, எந்த எழுத்தையும் சேர்க்காமல்.

"என்னா மாமா?" என்று கூடத்திலிருந்து மைத்துனர் கேட்டார்.

"ஒன்றுமில்லை."

"ரொட்டி ஆறுது, வாங்க."

எழுந்து சென்றேன்.